போர் நடக்கும் நாட்டில் கருத்துக் கணிப்பு: வீட்டுக்குப் போவதா, போனில் கேட்பதா?

சர்வே வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் முதலில் பழக்குவது ஒரு கேள்வியை. கதவைத் தட்டி, அடையாள அட்டையைக் காட்டி, வணக்கம் சொன்ன பிறகு கேட்க வேண்டியது இதுதான்: "இந்த வீட்ல பதினெட்டு வயசுக்கு மேல எத்தனை பேர் இருக்கீங்க? ஒவ்வொருத்தர் வயசும் சொல்லுங்கம்மா." பெரும்பாக்கத்திலோ கொளத்தூரிலோ இதைக் கேட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள். "எதுக்குப்பா, ரேஷன் கார்டுக்கா?" என்று ஒரு கேள்வி திரும்பி வரும், அவ்வளவுதான். சொன்ன வயதுகளை வரிசையாக எழுதி, கிஷ் கட்டம் என்ற தேர்வு அட்டவணையில் பார்த்து, யாருக்கு விழுகிறதோ அவரிடம் மட்டும் பேட்டி எடுப்போம். லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949இல் வகுத்துக் கொடுத்த முறை அது. அது இல்லாவிட்டால் கதவைத் திறந்தவரே பதில் சொல்லிவிடுவார். பகலில் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்களும் வயதானவர்களும்தான். வேலைக்குப் போன பிள்ளைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

இதே கேள்வியை மியான்மரில் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்பதாக நினைத்துப் பாருங்கள். 2021 பிப்ரவரி 1 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டு வாரத்துக்குள், வீட்டில் இரவு தங்கும் விருந்தாளியைப் பற்றி வார்டு நிர்வாகியிடம் தெரிவிக்க வேண்டும் என்ற பழைய விதி திரும்ப வந்தது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்: ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை, பெண்களுக்கு 18 முதல் 27 வரை. அந்த ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் கையில் 'டேப்' எனும் டேப்லெட் கணினியுடன் வந்து "வீட்டில் எத்தனை பேர், என்னென்ன வயது" என்று கேட்டால், அந்த வீட்டு அம்மாவின் கண்ணுக்கு அவர் சர்வேக்காரராகத் தெரிய மாட்டார். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போக வந்தவராகத்தான் தெரிவார்.

எங்கள் குழு சிறியது, தரமணிப் பக்கம் ஒரு மாடியில் இயங்குகிறது. மியான்மர் முழுவதற்குமான மக்கள் கருத்துக் கணிப்பை எப்படி வடிவமைக்கலாம் என்று ஒரு அமைப்பு எங்களிடம் ஆலோசனை கேட்டது. களவேலை அந்த நாட்டில் இருப்பவர்களுடையது. சாம்பிள் (யார் யாரைக் கேட்பது என்ற தேர்வு), கேள்வித்தாள், டேட்டா சரிபார்ப்பு மூன்றும் இங்கிருந்து. வீடு வீடாகப் போவது, போனில் கேட்பது, இணையத்தில் கேட்பது என்று மூன்று வழிகள் முன்னால் இருந்தன. இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவது நான்காவது. அதையும் மற்ற மூன்றுக்குச் சமமான ஒரு வழியாகவே எடுத்துக்கொண்டு பேசினோம். என் ஓட்டு எதற்கு என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: போனுக்கு. ஆனால் வருவதை 'தேசியக் கருத்துக் கணிப்பு' என்று அழைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

முதலில் ஒரு கணக்கு, ஏனென்றால் பேச்சு எல்லாம் இதில் வந்துதான் முடிகிறது. எந்தச் சார்பும் இல்லாமல் 1,200 பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டால், பிழை வரம்பு கூடக்குறைய 2.8 சதவீதப் புள்ளி. ஒரு தெருவுக்குப் பத்து பேர் என்று கொத்தாக எடுப்பதால் நடைமுறையில் அது 4 புள்ளிகூட ஆகலாம். பத்திரிகையில் அடிக்குறிப்பாக வருவது இந்த எண்தான், வாடிக்கையாளர் சண்டை போடுவதும் இதற்காகத்தான். சரி, இப்போது நாட்டில் 100 பேரில் 20 பேரை எந்த வழியிலும் அடைய முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைந்த 80 பேரில் 60 சதவீதம் 'ஆம்' என்கிறார்கள். அடையாத 20 பேரும் 'இல்லை' என்பவர்களாக இருந்தால் நாட்டின் உண்மை 48 சதவீதம். எல்லோரும் 'ஆம்' என்பவர்களாக இருந்தால் 68. இடையில் 20 புள்ளி. சாம்பிளை 1,200இலிருந்து 12,000 ஆக்கினாலும் இந்த இடைவெளி ஒரு புள்ளிகூடக் குறையாது. போர் நடக்கும் நாட்டில் அந்த 20 பேர் சராசரி மனிதர்களும் இல்லை. குண்டு விழும் ஊரில் இருப்பவர்கள், காட்டுக்குள் ஓடியவர்கள், முகாமில் இருப்பவர்கள். அவர்கள் கருத்து மற்ற 80 பேரைப் போலவே இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

20 என்பது நான் கையிலிருந்து போட்ட எண். மியான்மரின் நிலவரம் அதைவிட மோசம். 2024 அக்டோபரில் ராணுவ அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியது. மொத்தம் 330 டவுன்ஷிப்புகள், நம் தாலுகா மாதிரியான நிர்வாகப் பகுதிகள். அவற்றில் முழுமையாக எண்ணி முடித்தது 145இல் மட்டும். 58 டவுன்ஷிப்புகளில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அறிவித்த மொத்தம் 5.13 கோடி, அதில் சுமார் 1.9 கோடி பேர் தலையெண்ணிச் சேர்த்தவர்கள் இல்லை, தொலையுணர்வு முறையில், அதாவது செயற்கைக்கோள் படங்களை வைத்து, மதிப்பிட்டுச் சேர்த்தவர்கள். அதற்கு முந்தைய 2014 கணக்கெடுப்பு 31 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது. அப்போதும் ராக்கைன் மாநிலத்தில் சுமார் 10.9 லட்சம் பேரை எண்ணவில்லை. ரோஹிங்யா என்று தங்கள் பெயரைச் சொல்ல அவர்களை அனுமதிக்காததுதான் காரணம். எந்த சர்வேயும் ஒரு பட்டியலிலிருந்துதான் தொடங்க முடியும். பட்டியலிலேயே ஒரு சமூகம் இல்லை என்றால், அதிலிருந்து எடுக்கும் சாம்பிளில் அது எங்கிருந்து வரும்?

இது நமக்குப் புதிதில்லை. இலங்கையில் 1981க்குப் பிறகு 2001இல் எடுத்த கணக்கெடுப்பு 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக நடந்தது. விடுபட்டவை வடக்கும் கிழக்கும். தீவு முழுவதையும் மறுபடி எண்ணியது 2012இல். நடுவில் இருந்த முப்பது ஆண்டுகளில் 'இலங்கை மக்கள் நினைக்கிறார்கள்' என்று வந்த ஒவ்வொரு எண்ணையும் நான் இப்போது எடுத்துப் பார்க்கும்போது, முதலில் தேடுவது யாழ்ப்பாணத்தில் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதைத்தான். ஆப்கானிஸ்தானில் கடைசிக் கணக்கெடுப்பு 1979இல், அதுவும் பாதியில் நின்றது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் 1984.

இந்த ஓட்டைகளை மனதில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் வழியைப் பார்ப்போம்.

இதுதான் நான் வளர்ந்த வேலை, இதன் அருமை எனக்குத் தெரியும். போன் இல்லாதவரையும் அடையலாம். படிக்கத் தெரியாதவருக்கு ஷோகார்டில் முகங்களைக் காட்டி, "இதுல உங்க மனசு எது?" என்று கேட்கலாம். திண்ணையில் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம்கூடப் பேசுவார்கள். ஒரு கேள்விக்கு முகம் சுருங்குகிறதா என்று பார்த்து அடுத்ததற்குப் போகலாம். மியான்மரிலேயே 2014இல் ஏசியா ஃபவுண்டேஷன் 14 மாநிலங்கள், பிராந்தியங்கள் அனைத்திலும் 3,000 பேரை நேரில் பேட்டி கண்டது. அன்றைக்கு அது முடிந்தது.

போர் நடக்கும்போதே இதைச் செய்து காட்டிய பெரிய உதாரணம் ஆப்கானிஸ்தான். அதே அமைப்பு 2004இல் முதல் சர்வேயை எடுத்தது, 2006 முதல் 2019 வரை ஆண்டுதோறும் எடுத்தது. 2019இல் 34 மாகாணங்களிலும் சேர்த்து 17,812 பேர். பெண்களிடம் பெண்களே பேட்டி எடுத்தார்கள். போக முடியாத மாவட்டம் சாம்பிளில் விழுந்தால், அதே மாகாணத்தில் போகக்கூடிய வேறு இடத்தை எடுத்தார்கள். அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதவும் செய்தார்கள். எனக்கு அந்த நேர்மை மேல் மரியாதை உண்டு. ஆனால் 'மாற்று இடம்' என்ற அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. போக முடியாத ஊருக்குப் பதில் போகக்கூடிய ஊர் என்றால், பயத்தில் இருப்பவருக்குப் பதில் பயம் குறைந்தவர் என்று அர்த்தம். மாகாணக் கணக்கு சரியாக வரும், எண்ணிக்கையும் சரியாக வரும், அந்தக் குரல் மட்டும் மாறிப்போயிருக்கும். இதைச் சமாளிக்க அவர்கள் பிற்பாடு இன்னொன்றும் செய்து பார்த்தார்கள்: ஆபத்தான மாவட்டங்களிலிருந்து வெளியே வந்து போகிறவர்களை, வந்த இடத்திலேயே பிடித்துப் பேட்டி எடுத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஊரை விட்டு வெளியே வர முடிந்தவர் யார் என்ற கேள்வி அப்போதும் நிற்கும்.

போக முடியாத இடம் முடிவை எவ்வளவு புரட்டிப்போடும் என்பதற்கு ஈராக் இருக்கிறது. அது கருத்துக் கணிப்பு இல்லை, போரில் இறந்தவர்களைக் கணக்கிட வீடு வீடாகப் போன ஆய்வு. 2006இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு 47 கொத்துகளில் 1,849 வீடுகளைக் கேட்டு, வன்முறையில் இறந்தவர்கள் சுமார் 6 லட்சம் என்றது. உலக சுகாதார நிறுவனம் ஈராக் அரசோடு சேர்ந்து செய்த ஆய்வு 9,345 வீடுகளைக் கேட்டு, ஏறத்தாழ அதே காலகட்டத்துக்கு 1.51 லட்சம் என்றது. இரண்டாவது ஆய்வில் திட்டமிட்ட 1,086 கொத்துகளில் 115க்குப் பாதுகாப்பு காரணமாகப் போகவில்லை. அவற்றுக்கு மதிப்பீடு போட்டுச் சேர்த்தார்கள். முதல் ஆய்வில் வீடுகளைத் தேர்ந்தெடுத்த விதம் பற்றிச் சண்டை வந்தது: பெரிய தெருக்களை ஒட்டிய வீடுகளே அதிகம் விழுந்தனவா, குண்டுகள் வெடித்ததும் அங்கேதானே என்று. எந்த வீட்டுக்குப் போனோம், எதற்குப் போகவில்லை என்பதே எத்தனை பேர் செத்தார்கள் என்ற எண்ணை நான்கு மடங்கு ஏற்றி இறக்கும் என்றால், 'நாடு சரியான திசையில் போகிறதா' என்ற கேள்வி எம்மாத்திரம்?

அப்புறம் அனுமதி. வார்டு நிர்வாகியிடம் சொல்லாமல் ஒரு தெருவில் நாற்பது கதவைத் தட்ட முடியாது. சொன்னால், அவரோடு சேர்த்து நம்மையும் பார்ப்பார்கள். 2021க்குப் பிறகு மியான்மரில் வார்டு நிர்வாகிகள் பலர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அவர்களோடு நடந்து வருவது பேட்டியாளரின் உயிருக்கே ஆபத்து. இனக்குழுப் படைகளின் கட்டுப்பாட்டில் இருக்கும் பகுதியில் அந்தப் படையிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒரு பக்கம் வாங்கிய கடிதத்தை வைத்துக்கொண்டு மறுபக்கம் போக முடியாது.

கூட ஒருவர் நடந்து வந்தாலே பதில் என்ன ஆகும் என்பதை நான் நம்ம ஊரிலேயே பார்த்திருக்கிறேன். வட சென்னையில் ஒரு தெரு. எங்கள் பேட்டியாளர் பெண் முதல் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளூர்க் கட்சிக்காரர் ஒருவர் வந்து, "நான் கூட வரேன்மா, அப்பதான் கதவத் தொறப்பாங்க" என்றார். மனிதர் நல்லவர், உதவி செய்யத்தான் வந்தார். கதவுகளும் திறந்தன. சாயங்காலம் டேப்பை வாங்கிப் பார்த்தால், பத்து பேட்டியிலும் குடிநீர் "நல்லா வருது", குப்பை "தினமும் எடுக்கறாங்க", கவுன்சிலர் "ரொம்ப திருப்தி". அந்தத் தெருவில் அன்று காலை நான் நடந்து போனபோது மூன்று குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்திருந்தேன். பத்து பேட்டியையும் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு நாள் வேறு ஆளை அனுப்பினோம். கூட வந்தவரிடம் துப்பாக்கி இல்லை, யாரையும் அவர் மிரட்டவும் இல்லை. அப்படியே இப்படி என்றால், துப்பாக்கி இருக்கும் ஊரில் கிடைக்கும் 'ரொம்ப திருப்தி'யை என்ன செய்வது?

டேப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே எங்களுக்கு அது வரம்: ஜிபிஎஸ் தானாகப் பதிவாகும், பேட்டியாளர் டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பினால் மாட்டிக்கொள்வார். மியான்மரில் சாலைச் சோதனைச் சாவடிகளில் போனைப் பிடுங்கித் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். அங்கே அதே டேப் என்பது எந்த வீட்டில் யார் என்ன சொன்னார் என்ற வரைபடம். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவைத்தால் போதாதா என்று கேட்பார்கள். எதிரில் நிற்பவர் "திற" என்று சொன்னால் அந்தப் பூட்டு இருந்து என்ன பயன்? ஜிபிஎஸ்ஸை அணைத்தால் தரக் கட்டுப்பாடு போய்விடும், போட்டால் ஊரே ஆபத்தில் விழும். காகிதத்துக்குத் திரும்பினால் அதையும் படிக்கலாம். நாடு முழுவதற்கும் நேரில் போவது இப்போது சரியில்லை என்று நான் முடிவு செய்தது இந்த இடத்தில்தான்.

போன் வழிக்கு வருகிறேன். கணினி எண்களைத் தானாகப் போட்டு, விழுந்த எண்ணில் எடுப்பவரிடம் பேசுவது. வீட்டுப் பட்டியல் வேண்டாம், வார்டு நிர்வாகி வேண்டாம், சாவடி தாண்ட வேண்டாம். உலக உணவுத் திட்டம் 2013 முதல் மோதல் நாடுகளில் இப்படிப் போனில் கேட்டு, மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கணக்கெடுக்கிறது. காங்கோவிலும் சோமாலியாவிலும் தொடங்கி ஏமனுக்கும் போனது. உக்ரைனில் கீவ் சர்வதேச சமூகவியல் நிறுவனம் 2022 படையெடுப்புக்குப் பிறகு பெரும்பாலும் கைப்பேசியில்தான் கேட்கிறது. அந்த நாட்டின் கடைசிக் கணக்கெடுப்பும் 2001இலேயே நின்றது. மியான்மரிலேயே, 2021 டிசம்பரில் தொடங்கிய, குடும்பங்களின் வாழ்க்கை நிலை பற்றிய ஒரு பெரிய சர்வே, முதல் சுற்றில் சுமார் 12,000 குடும்பங்களிடம் போனில் பேசியது. 330 டவுன்ஷிப்புகளில் 300க்கும் மேற்பட்டவற்றிலிருந்து பதில் வந்தது. கணக்கெடுப்பவர் கால் வைக்க முடியாத ஊரில்கூட போன் மணி அடித்திருக்கிறது. நான் போனுக்குச் சாய இதுதான் பெரிய காரணம்.

ஆனால் அந்த சர்வே கேட்டது வருமானம், விலைவாசி, சாப்பாடு, நோய். அரிசி விலை என்ன என்று கேட்டால் சொல்வார்கள். "ஆட்சி எப்படி?" என்று முகம் தெரியாத குரல் கேட்டால் சொல்வார்களா? அங்கே சிம் கார்டு அடையாள அட்டையோடு பதிந்தது. எண் தெரிந்தால் ஆள் தெரியும் என்பது பேசுகிறவருக்குத் தெரியும். எல்லையோர ஊர்களில் தாய்லாந்து சிம்மும் சீன சிம்மும் ஓடுகின்றன, 09 என்று தொடங்கும் மியான்மர் எண்களை மட்டும் கணினி போட்டால் அவர்கள் வரவே மாட்டார்கள். சில பகுதிகளில் மாதக்கணக்கில் இணைப்பே இல்லை. வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது பெரும்பாலும் ஆம்பிளை கையில் இருக்கும். கால் மணி நேரத்துக்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். சென்னையிலிருந்து நேரடியாகக் கூப்பிட்டால் +91 என்று விழும், அதைப் பார்த்தாலே பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். எடுத்தவருக்கும் பின்னால் "வெளிநாட்டிலிருந்து யார் கூப்பிட்டது?" என்ற கேள்வி வரலாம்.

இவற்றில் சிலதைச் சரிசெய்யலாம். பேட்டியாளர்கள் ஒரே அறையில் உட்கார வேண்டாம், கொரோனா காலத்தில் இங்கே செய்ததுபோல அவரவர் வீட்டிலிருந்து, உள்ளூர் எண்ணிலிருந்து பேசலாம். பெண் எடுத்தால் பெண் பேசலாம். பேச்சைப் பதிவு செய்யக் கூடாது. தரத்துக்காக சூப்பர்வைசர் நேரலையில் கேட்டால் போதும், அதையும் பேட்டி கொடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போன் எண்ணைப் பதில்களோடு ஒரே கோப்பில் வைக்கவே கூடாது, சரிபார்த்த அன்றே அழித்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது, பதில்களை எண்ணாக்குவது: "ரொம்ப மோசம்னா ஒண்ணு, ரொம்ப நல்லதுன்னா அஞ்சு, எண்ணை மட்டும் சொல்லுங்க." பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழுவது "ரெண்டு... மூணு... ஒண்ணு" என்பது மட்டும். பேருந்தில் உட்கார்ந்துகொண்டுகூடப் பதில் சொல்லலாம்.

கேள்வியின் சொற்கள் பற்றி நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். உடன் வேலை செய்யும் நண்பரின் அம்மா வியாசர்பாடியில் இருக்கிறார். 1964இல் பதினான்கு வயதில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். குடும்பம் பின்னால் பர்மா பஜாரில் கடை போட்டது. மொழிபெயர்ப்பை இன்றைய பர்மிய மொழி பேசுபவர்கள் செய்தார்கள், இன்னொருவர் அதைத் திருப்பி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து சரிபார்த்தார். அம்மாவிடம் போனது வேறு காரணத்துக்காக. ஒரு சாதாரண காதில் அது எப்படி விழுகிறது என்று பார்க்க. அரசாங்கம் என்பதற்கு 'அசோயா' என்று இருந்தது. படிக்கச் சொல்லிக் கேட்டவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எந்த அசோயா தம்பி?" என்றார்.

அவ்வளவுதான், கேள்வி விழுந்துவிட்டது. ராணுவ நிர்வாகமும் தன்னை அரசு என்கிறது, அதை எதிர்த்து 2021இல் அமைந்த தேசிய ஒற்றுமை அரசும் தன்னை அரசு என்கிறது. கச்சின், கரேன் பகுதிகளில் வரி வாங்குவதும் பள்ளிக்கூடம் நடத்துவதும் வேறொருவர். 'ராணுவக் குழு' என்று சொன்னால் பேட்டியாளர் ஒரு பக்கம், வெறும் 'அரசு' என்று சொன்னால் மறுபக்கம். தமிழ் வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 'இயக்கம்', 'போராளி', 'பயங்கரவாதி', 'ஆமி' என்ற சொற்களில் ஒருவர் எதை எடுக்கிறார் என்று கேட்டாலே அவர் எங்கே நிற்கிறார் என்று நமக்குத் தெரிந்துவிடுமே. அதனால் யாருடைய பெயரும் வராத கேள்விகளாக மாற்றினோம். 'அரசின் செயல்பாடு எப்படி' என்பதற்குப் பதில், 'உங்கள் ஊரில் நிலத் தகராறு வந்தால் பெரும்பாலும் எங்கே போய்த் தீர்த்துக்கொள்கிறார்கள்?', 'பக்கத்துப் பள்ளிக்கூடம் இந்த மாதம் நடந்ததா?', 'இருட்டிய பிறகு வெளியே போக முடிகிறதா?' இவை நிர்வாகம் யார் கையில் என்பதைச் சொல்லும், யாரையும் காட்டிக்கொடுக்காது.

மறைமுகமாகக் கேட்கும் உத்திகளும் இருக்கின்றன. ஸ்டான்லி வார்னர் 1965இல் சொன்ன முறையில், பதில் சொல்பவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார் என்று பேட்டியாளருக்கே தெரியாது. பட்டியல் முறையில் நாலைந்து விஷயங்களைப் படித்து, 'இதில் எத்தனை உங்களுக்குச் சரி' என்று எண்ணிக்கையை மட்டும் கேட்பார்கள். பாதிப் பேருக்கு அந்தப் பட்டியலில் சிக்கலான ஒன்று கூடுதலாக இருக்கும். இரண்டு பாதிகளின் சராசரிக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் அந்த ஒன்றுக்கான ஆதரவு. ஆப்கானிஸ்தானில் வெளிநாட்டுப் படைகளுக்கான ஆதரவை இப்படி அளந்திருக்கிறார்கள். கணக்கு அழகானது. ஆனால் போனில் ஒரு விவசாயிக்கு அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டும்போது, அதில் அந்தப் படையின் பெயர் காதில் விழுந்த கணமே அவர் வைத்துவிடுவார். வைக்காவிட்டால் இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பார். கணக்கு அவரைப் பாதுகாக்கிறது என்று எனக்குத் தெரிந்தால் போதாது, அவருக்குத் தெரிய வேண்டும். ஆயுதம் ஏந்தியவர்கள் பற்றிய கேள்விக்கு இந்த முறை வேண்டாம் என்று சொன்னேன். குழுவில் இரண்டு பேர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இணைய வழிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, வேகம். ஃபேஸ்புக்கை 2021 பிப்ரவரியிலேயே முடக்கிவிட்டார்கள், தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் போட்டுத்தான் உள்ளே போகிறார்கள். 2025 ஜனவரி 1 அன்று இயற்றிய சைபர் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாத விபிஎன் சேவைகளைத் தண்டனைக்குரியதாக்கியது. நம் சர்வேக்காக ஒருவரை அதைத் திறக்கச் சொல்வது முறையில்லை. வருகிறவர்களும் நகரத்து இளைஞர்களாகவே இருப்பார்கள், எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும். 1936இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை நடத்திய கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்றது அந்தக் கட்டு. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ எடுத்தார். கேள்வியின் சொற்களை ஒத்திகை பார்க்க, வெளிநாட்டில் இருக்கும் மியான்மர்க்காரர்களிடம் கேட்க இணையம் உதவும், அதற்கு மேல் வேண்டாம்.

நான்காவது வழி, செய்யாமல் இருப்பது. இதை நான் லேசாகத் தள்ளவில்லை. ஒரு தனி மனிதரின் பெயரை மறைத்துவிடலாம், ஊரின் பெயரை மறைக்காவிட்டால் என்ன ஆகும்? 'இந்த டவுன்ஷிப்பில் இத்தனை சதவீதம் பேர் எதிர்ப்படைதான் நியாயமாகத் தீர்ப்புச் சொல்கிறது என்கிறார்கள்' என்று ஒரு வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டினால், அந்த நிறத்தைப் பார்த்து வானத்திலிருந்து என்ன வரும் என்று யோசித்தோம். அங்கே கிராமங்கள்மேல் விமானத் தாக்குதல் நடக்கிறது. 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்து கிடக்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே சர்வே வேண்டாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார், அவரோடு எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. மீதிக் கால்வாசி எங்கே என்றால், சர்வே இல்லாவிட்டாலும் முடிவுகள் எடுக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அரிசி எந்தப் பக்கம் போக வேண்டும், மருந்து எந்தப் பக்கம், பள்ளிக்கூடத்துக்குப் பணம் யார் வழியாக என்று யாங்கோனிலும் பாங்காக்கிலும் அலுவலகங்களில் தீர்மானிக்கிறார்கள். அங்கே கிராமத்துக்காரர் குரல் எந்த வழியிலும் போய்ச் சேர்வதில்லை. போனில் வந்த ஓட்டையான குரல் அதைவிட மேல் என்று நினைக்கிறேன்.

ஆக, அனுப்பிய பரிந்துரை இப்படி. அடிப்படை, போன். எல்லையோரத்தில் போன் எட்டாத நான்கைந்து இடங்களில், அங்கேயே வாழும் சுகாதாரப் பணியாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்த உள்ளூர்க் குழுக்கள் மூலம் நேர்ப் பேட்டி, டேப் இல்லாமல், வயதுப் பட்டியல் இல்லாமல். வீட்டில் யாரைக் கேட்பது என்பதற்கு 'அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறது' என்ற எளிய முறை. கிஷ் கட்டத்தைவிடச் சற்றுத் தளர்வானது, ஆனால் ஆட்களை எண்ணாது. அந்தப் பேட்டிகளைப் போன் முடிவோடு கலந்து ஒரே எண்ணாக்கக் கூடாது, தனி அத்தியாயமாக வர வேண்டும். டவுன்ஷிப் அளவில் எதையும் வெளியிடக் கூடாது, பெரிய பகுதிகளாகச் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைப்பில் 'தேசிய' என்ற சொல் வரக் கூடாது. எங்கெங்கே அடைய முடியவில்லை, அங்கே சுமார் எத்தனை பேர் என்பது அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மேலே சொன்ன 48–68 போன்ற இடைவெளிக் கணக்கையும் அதன் பக்கத்தில் அச்சிட வேண்டும். உக்ரைன் நிறுவனம் இதை ஒழுங்காகச் செய்கிறது: எந்தப் பகுதிகளைக் கேட்கவில்லை, வெளிநாடு போனவர்கள் இதில் இல்லை, போர்ச் சூழலால் கணக்கில் வராத சாய்வு இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறது. பேட்டியாளர்களில் ஒருவருக்கு மிரட்டல் வந்தாலும் அன்றே நிறுத்த வேண்டும். எண்ணிக்கை முடியவில்லையே என்று தொடரக் கூடாது. நிதி கொடுப்பவர் ஒப்பந்தத்திலேயே இதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

'தேசிய' என்ற சொல்லை எடுப்பதற்குத்தான் எதிர்ப்பு வந்தது. அந்தச் சொல் இருந்தால்தான் பணம் வரும் என்றார்கள். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒத்திகைக்கு முன் கடைசியாக இன்னொரு முறை வியாசர்பாடிக்குப் போனோம். போன் எடுத்ததும் படிக்க வேண்டிய முன்னுரை: நாங்கள் யார், எதற்காகக் கேட்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும், பெயர் கேட்க மாட்டோம், விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். எல்லா ஊரிலும் இதுதான் வரிசை, சென்னையிலும் இப்படித்தான் படிக்கிறோம். அம்மா பர்மிய மொழியில் முழுதும் கேட்டார். பாதி சொற்கள் தன் காலத்துச் சொற்கள் இல்லை என்றார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்து, "இத மொதல்ல போடு தம்பி. வேணாம்னா வெச்சிடலாம்ங்கறத மொதல்ல சொல்லு. நீ யாருன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பயந்து செத்துடுவாங்க" என்றார்.

வரிசையை மாற்றிவிட்டோம். இப்போது எங்கள் ஸ்கிரிப்டில் வணக்கத்துக்கு அடுத்த வாக்கியம்: "நீங்கள் இப்போதே போனை வைத்துவிடலாம், நாங்கள் திரும்பக் கூப்பிட மாட்டோம்."